டிஸ்கால்குலியா: கணக்கு மட்டும் ஏறாத பிள்ளைகள்

டிஸ்கால்குலியா என்பது எண்களும் கணக்கும் பிடிபடாமல் போகும் கற்றல் குறைபாடு. அதைப் பற்றி வேலூர் வட்டாரப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் ஒரு சிறப்பாசிரியர்.

குடியாத்தம், ஓர் அம்மா: டீச்சர், மகன் நாலாவது. தமிழ் கடகடவென்று வாசிக்கிறான். 42-இல் 17 போனால் 35 என்கிறான். கவனம் போதவில்லையா?

7-இல் 2 போனால் 5, 4-இல் 1 போனால் 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான் அம்மா. இந்தத் தப்பைப் பல பிள்ளைகள் செய்வார்கள், இதை மட்டும் வைத்து டிஸ்கால்குலியா என்று சொல்ல முடியாது. தட்டில் மூன்று புளியங்கொட்டை இருந்தாலும் தொட்டுத் தொட்டு எண்ணுகிறானா? 8, 5 இரண்டில் எது பெரியது என்றால் யோசிக்கிறானா? பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துப் பாருங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். குடியாத்தத்தில் தீக்குச்சிக்கா பஞ்சம்? பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, உதிரியாக இரண்டு குச்சி வையுங்கள். "பதினேழு கொடு" என்று கேளுங்கள். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, ஏழுக்கு உதிரி போதாமல் முழிப்பான். இன்னொரு கட்டை அவனே பிரிக்கட்டும். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. கடன் வாங்கிக் கழித்தல் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் அதையே படமாக வரையட்டும். எண்ணாக எழுதுவது கடைசியில்தான்; அவசரப்பட்டு நோட்டுக்குத் தாவாதீர்கள்.

காட்பாடி, ஓர் அப்பா: அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா மேடம்?

அங்கே பெரும்பாலும் வேகத்துக்குத்தான் பயிற்சி. ஏழு என்றால் எவ்வளவு என்பதே பிடிபடாத பிள்ளைக்கு வேகம் எதற்கு? மருந்து மாத்திரையும் இதற்குக் கிடையாது. ஞாபகசக்தி டானிக்கில் காசைக் கரைக்காதீர்கள்.

ஆம்பூர், ஓர் அம்மா: வீட்டுக்காரரும் கணக்கில் வீக். வம்சத்தில் வருமா?

வரலாம். அதற்காக அவர் தலையை உருட்டாதீர்கள்!

ஆற்காடு, கணக்கு ஆசிரியர்: வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறேன். மறுநாளே மறந்துவிடுகிறான்.

சார், எழுப்பி நிறுத்திக் கேட்பதை முதலில் விடுங்கள். பயத்தில் தெரிந்ததும் ஓடிவிடும். வாய்ப்பாட்டு அட்டை மேசை மேலேயே இருக்கட்டும். ஆறேழு மறந்தால், ஐயேழு முப்பத்தைந்து, கூட ஒரு ஏழு என்று வழி காட்டுங்கள். கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள், இலக்கங்கள் வரிசை மாறாது. இருபது கணக்கு வேண்டாம், ஐந்து போதும்.

சத்துவாச்சாரி, ஓர் அக்கா: எங்கே காட்டுவது? பத்தாவதில் சலுகை உண்டா?

முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடமும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் டிஸ்கால்குலியா பெயர் சொல்லியே இருக்கிறது. டிஸ்கால்குலியா இருப்பதாகச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒன்பதாவதிலேயே தொடங்குங்கள், பொதுத்தேர்வு நெருங்கியபின் சான்றிதழுக்கு அலைவது பெரிய பாடு.