முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பக்கவாதம் வந்து படுத்த அப்பத்தாவை எட்டு மாதம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். "சொந்த அப்பத்தாவுக்குச் செய்தாள், சரி. ஊராருக்குக் கழுவிவிடவா படிக்கவைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறையைத் தடுக்காதீர்கள். அந்த ஆறு மாதப் பயிற்சியை மட்டும் தடுத்துவிடுங்கள்.

கழுவிவிடும் வேலை இதில் உண்டு. இல்லையென்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மட்டும்தான் தெரிகிறது. ஒருமுறை மாணவிகளை ஓர் இல்லத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குச் செவிலியர் ஊட்டிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டு ஊட்டவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்திருந்தார். நின்று ஊட்டினால் பெரியவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போது சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்க வழியாகிவிடும் என்றார். நன்றாக மசித்த பருப்பு சாதம், ஒரு தடவைக்கு அரை ஸ்பூன். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லிக் கொடுத்தார். தொண்டை ஏறி இறங்கும்வரை அடுத்த வாய் இல்லை. மரத்துப்போன பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று நடுநடுவே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு சின்னக் கிண்ணம் சாதத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதன்பிறகும் அரை மணி நேரம் அவரைப் படுக்கவிடவில்லை. அவசரப்பட்டிருந்தால் சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடிந்திருக்கலாம். அந்த நாற்பது நிமிடத்தை ஆயா வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படுக்கைப்புண்ணும் அப்படித்தான். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், குதிகாலையும் வால் எலும்பையும் தினமும் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் புண்ணின் முதல் அறிகுறி என்று பாடத்தில் இருக்கும். நம் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கை வேண்டும். அந்தக் கை ஆறு மாதத்தில் வராது.

உங்கள் மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குச் செய்ததையே எட்டு அந்நியர்களுக்கும் செய்வோம் என்று அவள் நினைத்திருக்கலாம். அப்பத்தா திட்டினால் அவளுக்கு வலிக்காது. மறதி நோய் உள்ள ஒருவர் "என் வளையலைத் திருடிட்டா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினால் வலிக்கும். சாயங்காலம் ஆனால் சிலர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள், "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். வீட்டை விற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். அதைச் சொன்னால் அழுவார்கள், அடிக்க வருவார்கள். பழகியவர்கள் அதைச் சொல்வதில்லை. "வீட்ல யாரும்மா இருக்காங்க, என்ன சமைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பார்கள். இரண்டு சுற்று நடந்ததும் பை தானாகக் கீழே வந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து. இதற்குப் பொறுமை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். அப்புறம் இராப் பணி, இடுப்புவலி, பாசமாகப் பழகியவர் ஒருநாள் காலையில் இல்லாமல் போவது, இதெல்லாமும் உண்டு.

இனி படிப்பு. குறுகிய காலப் பயிற்சி உதவியாளர் வேலை வாங்கித் தரும். வீட்டு நிலைமை காரணமாக உடனே சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் மேலே ஏற படிக்கட்டு கிடையாது, சம்பளமும் அங்கேயே நின்றுவிடும். உங்கள் மகளுக்கு அந்த அவசரம் இல்லை. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், அது கிடைக்காவிட்டால் மூன்று வருட ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ படிக்கட்டும். கல்லூரிக்கு இந்திய செவிலியர் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியுமா, இந்த இரண்டையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள். பதிவு இருந்தால் மருத்துவமனையிலும் வேலை பார்க்கலாம், முதியோர் இல்லத்தில் பொறுப்பாளராகவும் ஆகலாம். நாளைக்கு மனம் மாறினாலும் படிப்பு வீண் போகாது.

துறைக்கு எதிர்காலம் உண்டா என்று அப்பா கேட்டாராம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு 1978-லேயே வந்துவிட்டது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள் எத்தனை என்று ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆசை இப்போது வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நர்சிங் முடித்தவர்கள் ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல்நிலைத் தேர்வில் தேறி, பட்டத்துக்கு அங்கே அங்கீகாரம் வாங்கினால் செவிலியராகவே வேலை பார்க்கலாம். ஜப்பானில் திறன் பணியாளர்களுக்கென்று ஒரு விசா 2019 முதல் இருக்கிறது, முதியோர் பராமரிப்பும் அதில் ஒரு துறை. மொழித் தேர்வும் திறன் தேர்வும் எழுத வேண்டும். அதிகபட்சம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நிரந்தரமாகத் தங்க நினைப்பவர்கள் அங்கேயே பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேற வேண்டும். எந்த ஏஜென்ட் வந்தாலும் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

கல்யாணப் பேச்சில் இது தடையாகுமோ என்று எழுதியிருந்தீர்கள். சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள்தான். அந்த வீடுகளிலும் நாளைக்கு ஒரு பெரியவர் படுக்கையில் விழுவார். அப்போது என்ன செய்வது என்று தெரிந்த ஒரே ஆள் உங்கள் மகளாக இருப்பாள்.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் பக்கத்து இல்லம் ஒன்றில் அனுமதி கேட்டு, இரண்டு வாரம் அவளைத் தன்னார்வலராகப் போகச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் வாசனையைக் கவனியுங்கள், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். அவள் வேலை பார்க்கப்போகும் சூழ்நிலை அதுதான். இரண்டு வாரம் முடிந்ததும் மூன்று பேரும் என்னைப் பார்க்க வாருங்கள். அப்பத்தாவுக்கு எப்படி ஊட்டினாள் என்பதை அவள் வாயால் கேட்க எனக்கும் ஆசை.