அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும்

மனதில் நின்றுவிட்ட தொலைக்காட்சிப் பேச்சு நிகழ்ச்சித் தொகுப்பாளர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விசுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. கொருக்குப்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு அடி பம்ப். டிவி எங்கள் வீட்டில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை சன் டிவியில் விசு நடத்தும் 'அரட்டை அரங்கம்' ஆரம்பித்தால் பக்கத்துக் குடித்தனங்கள் எல்லாம் எங்கள் அறையில்தான். அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டே கேட்பாள். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாரம் முழுக்க நாலு வார்த்தை பேசமாட்டார், யாரையும் பேசவும் விடமாட்டார். அந்த நிகழ்ச்சி ஓடும்போது மட்டும் நாங்கள் சத்தம் போட்டால், "கம்முனு இரு, அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும்" என்பார்.

விசு நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருடைய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977இல் கே. பாலசந்தர் படமாக எடுத்தார். 'தில்லு முல்லு'வுக்கு வசனம் விசுதான். 1982இல் இயக்குநரானார், 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்து தேசிய விருதும் வாங்கியது. அந்தப் படத்தில் வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிப்பார்களே, நினைவிருக்கிறதா? ஒரு கூடத்தில் நாலு பேரை நிற்க வைத்துப் பேசவிட்டே கதையை நகர்த்தத் தெரிந்தவர் அவர். அந்த வித்தையைத்தான் டிவிக்குக் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். என்ன வித்தியாசம் என்றால், இங்கே வசனம் அவருடையது இல்லை. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் மைக்கைக் கொடுத்தார். வார்த்தைக்கு வார்த்தை விளையாடக்கூடிய மனிதர், ஒரு பிள்ளை தொண்டை அடைத்து நின்றால் பேசாமல் காத்திருப்பார். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது அந்தக் காத்திருப்புதான். அப்புறம் ஜெயா டிவியில் 'மக்கள் அரங்கம்' நடத்தினார். அதையும் விடாமல் பார்த்தோம்.

அக்கா பிளஸ் டூ முடித்த வருஷம் சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போக நாள்கூடக் குறித்தாயிற்று. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் அக்கா, "நைனா, நான் கொஞ்சம் பேசணும்" என்றாள். குரல் நடுங்கியது. பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டாள். சித்தப்பா குறுக்கே புகுந்து, "இன்னாமா, பெரியவங்க பேசி முடிச்சாச்சு" என்று ஆரம்பித்தார். நைனா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சோறு காய்ந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாரதி மகளிர் கல்லூரியில் சேர வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று கடைசி வரை சொல்லி முடித்தாள். "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் காலை அவரே கூடப்போய் விண்ணப்பம் வாங்கிவந்தார். அக்கா இன்று தண்டையார்பேட்டையில் டீச்சர்.

நைனா அந்தக் காத்திருப்பை எங்கே கற்றார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு ஞாயிறாக நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

விசு 2020 மார்ச் 22ஆம் தேதி இறந்தார், 74 வயதில். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. செய்தியைப் பார்த்ததும் நைனா எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். "ஒரு மாலை போட்டுட்டு வந்துர்றேன்." பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை எதுவும் திறக்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. தெருமுனை வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்தார். ராத்திரி வரைக்கும் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை.