கெமோகைனைக் கூட்டினால் செல்கள் ஏன் குறைகின்றன?

ட்ரான்ஸ்வெல்லின் (ஒவ்வொரு குழியையும் நுண்துளைச் சவ்வு மேலறை, கீழறை எனப் பிரிக்கும் சோதனைத் தட்டு) கீழறையில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கெமோகைனின் (செல்களைத் தன் பக்கம் ஈர்க்கும் சிறு புரதம்) அளவை மில்லிலிட்டருக்கு 100-லிருந்து 1000 நானோகிராமாகக் கூட்டியதும் மேலறையிலிருந்து டி செல்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) இறங்குவது குறைந்துவிட்டது, புரதம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படித் தோன்றவில்லை, 100-இல் வேலை செய்கிறதே! கெமோகைன்களுக்கு மணி வடிவ வளைவு வழக்கம்தான்: அளவு கூடக் கூட நகர்வு ஏறி, ஓர் உச்சத்துக்குப் பின் இறங்கும். செல் உணர்வது தன் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. அளவு மிஞ்சினால் அதைப் பிடிக்கும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பிகள் (செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள்) எல்லாப் பக்கமும் நிரம்பி, பீட்டா அரெஸ்டின் என்ற செல்லின் உட்புரதம் வழியாக உள்ளே இழுக்கப்பட்டுவிடும்; அப்புறம் திசை தெரியாது. 10 முதல் 300 வரை சில அளவுகளைப் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, மேலறையிலும் அதே அளவு கெமோகைன் விட்ட ஒரு குழி வேண்டும் (பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்). அதிலும் அதே எண்ணிக்கையில் செல்கள் இறங்கினால் அது திசையறிந்த நகர்வு இல்லை, வெறும் அலைச்சல். பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து இருந்தால் அதையும் ஒரு குழியில் சேருங்கள், சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியை அது அடைத்துவிடும்.