ஓமவல்லியா, கற்பூரவல்லியா? தைலங்களைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கிராம்புத் தைலம் வைத்தால் பல்வலி எப்படி அடங்குகிறது?

பதில்: அதில் பெரும்பங்கு யூஜினால் என்ற வேதிப்பொருள். நரம்பில் சோடியம் நுழையும் வாசல்களை அடைத்து, வலிச் செய்தியைச் சிறிது நேரம் போகவிடாமல் செய்கிறது. பல் டாக்டரிடம் போனால் மூக்கில் ஏறும் வாசனையும் இதுதான். துத்தநாக ஆக்சைடில் யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைப்பார்கள். தைலத்தை அப்படியே ஈறில் விடாதீர்கள், புண்ணாகிவிடும். விழுங்கவும் கூடாது.

கேள்வி: சுத்தமானதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனம். மேலே நின்றாலும், லேசாகத் தட்டினால் உருண்டையாகி அடிக்குப் போகும். மிதந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். மூழ்கிவிட்டது என்பதற்காகச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எல்லாம் அரோமேட்டிக் சேர்மங்கள்தானே?

பதில்: இல்லை. வேதியியலில் அந்தச் சொல்லுக்கு வாசனை என்று பொருள் இல்லை. தைலங்களைப் பொறுத்தவரை பென்சீன் வளையம், அதாவது எலக்ட்ரான்கள் முழுக்கப் பரவியிருக்கும் ஆறு கார்பன் வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். யூஜினால், ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு, சோம்பின் அனெத்தோல் எல்லாவற்றிலும் அது உண்டு. யூகலிப்டஸின் சினியோலிலும் கற்பூரத்திலும் கிடையாது.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. வாசனையால்தானே அந்தப் பெயரே வந்தது? கற்பூரத்திலும் வளையம் இருக்கிறதே!

பதில்: பெயர் வந்த காரணம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் 1865-ல் ஜெர்மன் வேதியியலர் கெக்குலே பென்சீனுக்கு ஆறு கார்பன் வளையத்தை முன்வைத்த பிறகு, அந்தச் சொல் மெல்ல மெல்ல அமைப்பின் பக்கம் போய்விட்டது. கற்பூரத்தின் வளையத்தில் கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே; எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவ வழியில்லை. அப்புறம், நம் வீட்டுச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லி என்கிறோம். இலையைக் கசக்கி முகர்ந்தால் வருவது ஓம வாசனை! அதிலுள்ள கார்வக்ராலுக்கும் தைமாலுக்கும் அணுக்கள் ஒன்றே, ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. இரண்டுமே அரோமேட்டிக். ஓமவல்லி என்று கூப்பிட்டவர்களின் மூக்கு எவ்வளவு துல்லியம்!

கேள்வி: கிராம்புத் தைலம் மூன்று சொட்டு, தேனில் கலந்து குடிக்கலாமா?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி: குழந்தைக்குச் சளி. கற்பூரம் துளி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். வலிப்பு வந்துவிடும். டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலம் மூட்டுவலிக்கு நல்லது என்றார்கள். உள்ளுக்கும் சாப்பிடலாமா?

பதில்: மறுபடியும் அதே கேள்வி! அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்து வேதிப்பொருள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதை ஒரேயடியாக விழுங்குவதற்குச் சமம். சிறு குழந்தையின் உயிரே போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மேலே தேய்ப்பதற்கு முன்பும் டாக்டரைக் கேளுங்கள். பாட்டிலை இன்றைக்கே மேல் அலமாரிக்கு மாற்றுங்கள்.