ஃபுட்பால் ஸ்டேடியத்துல பாஸ்கெட்பால்: கிட்டக்க சீட்டா, உசரத்துல சீட்டா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க டெட்ராய்ட் பக்கம் நோவைல இருக்கோம். 2027 ஏப்ரல்ல காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு டீம் ஆடுற செமி ஃபைனலும் ஃபைனலும், எங்க ஊரு ஃபோர்டு ஃபீல்டு ஃபுட்பால் ஸ்டேடியத்துல நடக்கப்போகுது. பையன் ஒன்பதாவது, ஸ்கூல் டீம்ல ஆடுறான், கூட்டிட்டுப் போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். போறது ஒரு தடவ, காசு கூடப் போனாலும் சரி, கோர்ட்டு ஓரமா கீழ் சீட்டே எடுத்துரலாம்னு இருந்தேன். 2009ல போய்ப் பாத்த ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "கோர்ட்டையே மேடை மேல தான் போடுவாங்க, கீழ உக்காந்தா ஷூ தான் தெரியும், வேண்டாம்"ங்கறார். நெசமா சார்? எதுக்கு மேடை? பையனுக்கு தனியா ஒரு டவுட்டு, மேடை மேல பந்து ஒழுங்கா எகிறுமா, ஓடி வந்து கீழ விழுந்துட மாட்டாங்களான்னு.

பதில்: உங்க நண்பர் சொன்னது முக்கால்வாசி சரி சார். நான் தற்காலிக கேலரி டிசைன் பண்ற வேலைல இருக்கறவன், சொந்தக் காசுன்னா கீழ முன்வரிசை எடுக்கவே மாட்டேன், ஓசில குடுத்தாக்கூட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மேல ஏறிப் போய் எங்கயாவது நின்னுக்குவேன்.

மொதல்ல அளவைப் பாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் ரெண்டு முனைல இருக்கற எண்ட் ஸோனோட சேத்து கிட்டத்தட்ட 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். பாஸ்கெட்பால் கோர்ட்டு 28.65க்கு 15.24. பரப்புக் கணக்குல அந்த மைதானத்துக்குள்ள 12 கோர்ட்டு அடங்கும். கல்யாண மண்டபத்து ஹாலுக்கு நடுவுல ஒரு கேரம் போர்டை வெச்சுட்டு சுத்தி சுவரோரமா எல்லாரும் உக்காந்து பாருங்கன்னா எப்படி இருக்கும், அப்படித்தான்.

1968 ஜனவரில ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல அப்படியே தான் பண்ணாங்க. ஹூஸ்டன் யூனிவர்சிட்டிக்கும் யூசிஎல்ஏவுக்கும் மேட்ச், 52,693 பேர், ஹூஸ்டன் 71-69ன்னு ஜெயிச்சு யூசிஎல்ஏவோட 47 மேட்ச் தொடர் வெற்றிய முடிச்சு வெச்சுது. கோர்ட்டுப் பலகைய லாஸ் ஏஞ்சலீஸ்ல இருந்து லாரில கொண்டாந்து நட்ட நடுவுல விரிச்சுட்டாங்க, சுத்தி வெறும் தரை, முதல் சீட்டே 30 மீட்டருக்கு அப்பால. டிவில பாத்தவங்களுக்கு பிரமாதமான மேட்ச், நேர்ல போனவங்களுக்கு எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் வேற ஒரு வழி ஓடுச்சு, கோர்ட்டை ஸ்டேடியத்தோட ஒரு மூலைக்குத் தள்ளிட்டு மீதிப் பக்கத்த பெரிய திரை போட்டு மறைச்சுடுவாங்க, நாப்பதாயிரம் சொச்சம் டிக்கெட் விக்கும். சாதாரண பாஸ்கெட்பால் அரங்கத்துல கடைசியா ஆண்கள் ஃபைனல் ஃபோர் நடந்தது 1996ல நியூ ஜெர்சில, சுமார் 19,000 பேர். அப்புறம் எல்லாமே ஃபுட்பால் ஸ்டேடியம் தான், காரணம் டிக்கெட் காசுன்னு நான் வேற சொல்லணுமா.

உங்க ஃபோர்டு ஃபீல்டு இந்தக் கதைல சும்மா வர்ற இடம் இல்ல சார். 2003 டிசம்பர்ல கோர்ட்டை அங்க நடுவுல போட்டு கென்டக்கிக்கும் மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் மேட்ச் வெச்சாங்க, 78,129 பேர் வந்தாங்க. 2008ல ரீஜனல், அதாவது ஃபைனல் ஃபோருக்கு முந்தின கட்ட மேட்ச் வெச்சு நடுவுல மேடை போட்டு ஒத்திகை பாத்தாங்க. ஸ்டீஃபன் கரி டேவிட்சன் காலேஜுக்கு ஆடி, கான்சஸ்கிட்ட 59-57ன்னு தோத்தது அந்த மேடைல தான், பையன்கிட்ட சொல்லுங்க. 2009 ஃபைனல் ஃபோர்ல இருந்து நடு மைதானம் பிளஸ் மேடைங்கறதே வழக்கமாயிடுச்சு. அந்த ஃபைனலுக்கு 72,922 பேர், ஃபுட்பாலுக்கு அங்க சீட்டே சுமார் 65,000 தான், மிச்சம் எல்லாம் மைதானத்து மேல புதுசா போட்ட கேலரி. நீங்க எடுக்கப்போற "கோர்ட்டு ஓரம்" இந்த மிச்சத்துல தான் வருது, அதனால ஒரு சின்னக் கணக்கு போட்டே காட்டிடறேன்.

நாற்காலில உக்காந்தா கண்ணு தரைல இருந்து சுமாரா 120 செ.மீ. கண்ணுக்கு மேல மண்டை ஒரு 12 செ.மீ. முதல் வரிசை கோர்ட்டு கோட்டுல இருந்து 3 மீட்டர் தள்ளி, ரெண்டாவது வரிசை அதுக்கு 90 செ.மீ. பின்னாடின்னு வெச்சுக்குங்க. கோர்ட்டு தரையோட தரையா இருந்தா, முன்னாடி இருக்கறவர் தலைக்கு மேல கோட்டைப் பாக்கறதுக்கு ரெண்டாவது வரிசைக்காரர் 52 செ.மீ. மேல உக்காரணும். ஒரே படி, 52 செ.மீ., நம்ம முழங்காலுக்கு வரும். அதே கோர்ட்டை 75 செ.மீ. தூக்கிட்டா 29 செ.மீ. படி போதும். 20 வரிசைக்கு கணக்கு போட்டா முதல் கேஸ்ல கடைசி வரிசை குறைஞ்சது 10 மீட்டர் மேல போயிடும், அதாவது மூணு மாடி, அந்த மூணு மாடிக்குப் பின்னாடி இருக்கற நிரந்தர சீட்டுக்காரன் எதைப் பாப்பான்? ரெண்டாவது கேஸ்ல குறைஞ்சது அஞ்சரை மீட்டர், சமாளிச்சுக்கலாம். கேலரிய ஏத்த முடியாது, அதனால கோர்ட்டை ஏத்துறாங்க, மேடை போடுறதுக்கு அது தான் காரணம். ஃபைனல் ஃபோர் மேடை உசரம் 27 இஞ்ச்ல இருந்து 30 இஞ்ச் வரைக்கும், நான் சொன்ன 75 செ.மீ. அதுக்குள்ள தான் வருது.

ஆனா அந்த 29 செ.மீ. கூட எல்லா இடத்துலயும் முழுசா குடுக்கறது இல்ல சார், நான் வேலை பாத்த இடங்கள்ல 20, 25க்கு மேல படி அபூர்வம், ஏன்னா பின்னாடி இருக்கற பழைய கேலரியோட போய் சேரணும், செலவும் ஏறும். அதனால தலைக்கு மேல பாக்கறதுக்கு பதிலா ரெண்டு தலைக்கு நடுவுல பாக்கற மாதிரி ஆயிடும். முன்னாடி ஒரு ஆறடி ஆளு தொப்பியோட வந்து உக்காந்தா முடிஞ்சுது. மொத வரிசைல யாரும் மறைக்க மாட்டாங்கல்லன்னு கேப்பீங்க, சரி, மொத வரிசைல உங்க கண்ணு பலகைக்கு வெறும் 45 செ.மீ. தான் மேல இருக்கும். டைனிங் டேபிள்ல மோவாய வெச்சுகிட்டு டேபிள் மேல உருள்ற கோலிகுண்டப் பாத்திருக்கீங்களா? கிட்டக்க இருக்கற கணுக்கால் எல்லாம் தெளிவா தெரியும், வேர்வை சொட்டுறது தெரியும், அந்தப் பக்கம் நடக்கறது மொத்தமும் இந்தப் பக்கத்துக் கால்களுக்குப் பின்னாடி மறைஞ்சு போகும், யாரு யாருக்கு ஸ்க்ரீன் வெச்சான்னே (எதிராளிய உடம்பால மறிச்சு நிக்கறது) புரியாது. ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கு சொர்க்கம், ஆட்டம் புரிஞ்சு பாக்கற பையனுக்கு தண்டனை.

டிவில கவனிச்சிருப்பீங்க, ரெண்டு டீமோட பெஞ்சும் மேடைக்குக் கீழ இருக்கும், ஹெட் கோச்சுக்கு மட்டும் மேல ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க, அடுத்து இறங்கற பிளேயர் படி ஏறித் தான் வரணும். இதுவும் பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு தலை மறைக்காம இருக்கறதுக்கு ஒரு வசதி. மேடைக் கோர்ட்டு புது ஐடியா ஒண்ணும் இல்ல, மினசோட்டால 1928ல கட்டுன வில்லியம்ஸ் அரீனா இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு.

இப்ப எந்த சீட்டு? நீளப் பக்கம், அதாவது ஃபுட்பால் சைட்லைன் பக்கம், நிரந்தர கேலரில கீழ் அடுக்கோட நடுவுல இருந்து மேல் பாதி வரைக்கும் உள்ள வரிசை. அது கிடைக்கலன்னா அதே பக்கத்துல மேல் அடுக்கோட முதல் சில வரிசை. மைதானத்து மேல நாற்காலி போட்ட ஏரியால எடுத்தே ஆகணும்னா அதோட கடைசி வரிசைகளா பாத்து எடுங்க. கூடைக்குப் பின்னாடி கீழ்ப் பக்கம் காலேஜ் பசங்களுக்கு ஒதுக்குவாங்க, அவங்க ரெண்டு மணி நேரமும் நின்னுகிட்டே தான் இருப்பாங்க, அவங்களுக்கு நேர் பின்னாடி எடுத்தா நீங்களும் நிக்கணும். எண்ட் ஸோனுக்குப் பின்னாடி மேல் அடுக்கு வேண்டவே வேண்டாம், அதுக்கு வீட்ல டிவி முன்னாடி பிரியாணி சாப்ட்டுகிட்டே பாக்கலாம்.

மேல போனா ஆளு எவ்வளவு பெருசா தெரிவாங்கன்னும் சொல்லிடறேன், ஏமாந்துடக் கூடாதில்ல. 70 மீட்டர் தூரத்துல நிக்கற ரெண்டு மீட்டர் பிளேயர், நீங்க கைய நீட்டிப் பிடிச்சா கட்டைவிரல் நகத்த விட கொஞ்சம் பெருசு, அவ்வளவு தான். 35 மீட்டர்ல அதோட ரெண்டு மடங்கு. மூஞ்சி தெரியாது, ஆனா பத்து பேரும் எங்க நிக்கறாங்க, டிஃபென்ஸ் எப்படி நகருதுன்னு செஸ் போர்டு மாதிரி தெரியும். 8 மடங்கு பைனாகுலர் ஒண்ணு வாங்கிக்குங்க. கோர்ட்டுக்கு மேல ஸ்க்ரீன் தொங்கும், கண்ணு அடிக்கடி அங்க போகும், தப்பே இல்ல. 2010ல டல்லஸ் கவ்பாய்ஸ் ஸ்டேடியத்துல என்பிஏ (அமெரிக்க புரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக்) ஆல்ஸ்டார் மேட்சுக்கு 108,713 பேர் வந்தாங்க, அங்க தொங்கற ஸ்க்ரீன் 160 அடி நீளம், கோர்ட்ட விட பெருசு, அந்தக் கூட்டத்துல பாதிப் பேராவது டிக்கெட் எடுத்து டிவி பாத்துட்டு வந்தவங்க தான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

பையனோட டவுட்டுக்கு வரேன். நல்ல கேள்வி. அடியில இரும்பு, அலுமினிய ஃப்ரேம், அதுக்கு மேல பிளைவுட் தளம், அதுக்கும் மேல தான் மேப்பிள் மரப் பலகை, 4 அடிக்கு 7 அடி, 8 அடின்னு தனித்தனி துண்டு, ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு இறுக்கறது. அடியில சின்னச் சின்ன ரப்பர் இருக்கும், குதிச்சா முட்டிக்கு அடி படாம வாங்கிக்கும். ஐஸ் ஹாக்கியும் நடக்கற என்பிஏ அரங்கத்துலயும் ஐஸ் தளத்துக்கு மேல இதே மாதிரி பலகை தான் விரிப்பாங்க, அதனால பந்து எகிறறதுல பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. சவால் என்னன்னா ஃப்ரேமோட ஒவ்வொரு காலும் ஒரே மட்டத்துல நிக்கணும், ஒரு கால் ரெண்டு மில்லிமீட்டர் குறைஞ்சாலும் அந்த எடத்துல பந்து "டொக்"னு செத்துடும், அதனால ரெடியானதும் ஒருத்தர் பந்தைத் தட்டிகிட்டே இஞ்ச் இஞ்சா நடந்து காது குடுத்துக் கேப்பார். நானும் ஒரு தடவ அப்படி நடந்திருக்கேன், மறுநாள் மணிக்கட்டு வீங்கிப் போச்சு. 2022 நியூ ஆர்லியன்ஸ் ஃபைனல்ல நார்த் கரோலினாவோட அர்மாண்டோ பேக்காட்டுக்கு கடைசி நிமிஷத்துல கணுக்கால் மடங்குச்சு, வீடியோல பலகை அமுங்குன மாதிரி தெரியுதுன்னு பெரிய வாய்ச்சண்டை. மேடைக்குக் கீழ படுத்துப் பாக்காம அத வீடியோல வெச்சு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாதுங்கறது என் கட்சி.

விழுறதைப் பொறுத்தவரைக்கும், கோட்டோட மேடை முடியறதில்ல, சுத்தி சில மீட்டர் பலகை நீண்டிருக்கும், வேகமா வர்றவன் நிதானிக்க இடம் உண்டு. ஆனாலும் லூஸ் பாலுக்குப் பாயற பையன் விளிம்பத் தாண்டறது உண்டு, அப்ப கீழ உக்காந்திருக்கறவங்க மடில தான் வந்து விழுவான்.

இன்னொண்ணு, அவன் கேக்கல ஆனா கேப்பான்: இவ்வளவு பெரிய வெட்டவெளில ஷாட் விழுமா? கூடைக்குப் பின்னாடி வழக்கமா ஒரு சுவரோ கூட்டமோ கிட்டக்க இருக்கும், இங்க பின்னாடி ரொம்ப தூரத்துக்கு இருட்டும் வெளிச்சமுமா கெடக்கும், தூரம் புடிபடலன்னு ஷூட்டர்ஸ் புலம்புவாங்க. 2011 ஃபைனல் ஹூஸ்டன்ல, பட்லர் டீம் 64 ஷாட் போட்டு 12 தான் விழுந்துச்சு, 18.8 சதவீதம், எல்லாரும் ஸ்டேடியத்த திட்டுனாங்க. அதே ஸ்டேடியத்துல 2016 செமி ஃபைனல்ல வில்லனோவா 71.4 சதவீதம் போட்டு ஓக்லஹோமாவ 95-51ன்னு தோக்கடிச்சுது. ஆக ஸ்டேடியத்து மேல மட்டும் பழி போட முடியாது, பழகிக்கறதுக்கு நேரம் எவ்வளவு கெடச்சுதுங்கறதும் இருக்கு. செமி ஃபைனலுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை டீம்கள் அதே மேடைல பிராக்டிஸ் பண்ணும், வழக்கமா பொதுமக்கள இலவசமா விடுவாங்க. அன்னிக்கு பையன ஸ்கூலுக்கு லீவு போட வெச்சு கூட்டிட்டுப் போங்க, சீட்டு நம்பர் யாரும் பாக்க மாட்டாங்க, முதல்ல கூடைக்குப் பின்னாடி ஒரு பத்து நிமிஷம், அப்புறம் சைட்லைன் பக்கம் ஒரு பத்து நிமிஷம், கடைசியா மேல் அடுக்குன்னு மாத்தி மாத்தி உக்காந்து பாத்துட்டு, சனிக்கிழமை டிக்கெட்ட அன்னிக்கு சாயங்காலம் ரீசேல்ல எடுத்தாலும் எடுக்கலாம், விலை ஏறியிருக்கும் இல்ல இறங்கியிருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.