‘அல்-முமீத்’ என்று ஓத நாக்கு எழவில்லை, பாவமா?

கேள்வி: மேலப்பாளையத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். என் மாப்பிள்ளை (கணவர்) மவுத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தா (கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிந்ததும், மனசு ஆறும் என்று சொல்லி, தெருவில் ஒரு பெரியம்மா அல்லாஹ்வின் 99 திருநாமங்கள் அச்சடித்த தாளைத் தந்தார்கள். அதில் ‘யா லத்தீஃப்’ (நுட்பமானவனே) மட்டும் தினம் 129 தடவை ஓத வேண்டுமாம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஓதினால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. ‘அல்-முமீத்’ (மரணிக்கச் செய்கிறவன்) வரும்போது நாக்கு எழவே மாட்டேன் என்கிறது. அழுதால் ‘சபூர் (பொறுமை) இல்லாதவள்’ என்கிறார்கள். ராத்திரி தூக்கமும் இல்லை. நான் ஓதுவதில் என்ன பிழை ஹஜ்ரத்?

பதில்: பிழை ஒன்றுமில்லை சகோதரி. எண்ணிக்கை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்னது. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைக்கும் அப்ஜத் கணக்கு ஒன்று உண்டு. லாம் 30, தோ 9, யே 10, ஃபே 80. கூட்டினால் 129. சில தரீக்காக்களில், அதாவது சூஃபி வழிமுறைகளில், ஷெய்குமார்கள் (குருமார்கள்) இப்படிக் கணக்கிட்டு ஓதக் கொடுப்பார்கள். அதை ஓதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வைத்த எண் அல்ல அது. தப்பினால் குற்றமும் இல்லை. 99 என்பது மட்டும் நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) வழியாக புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் வருகிறது; அங்கே பெயர்ப்பட்டியல் கிடையாது. உங்கள் தாளில் இருப்பது அநேகமாகத் திர்மிதி என்ற ஹதீஸ் நூலில் வரும் வரிசை. அந்த வரிசை அறிவிப்பாளர் ஒருவர் தொகுத்துச் சேர்த்தது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே ஒன்று விட்டுப்போனால் பதற வேண்டாம். ஒளு (தொழுகைக்கான கைகால் கழுவல்) இல்லாதபோதும், தொழுகை இல்லாத நாட்களிலும் திக்ர் (இறைவனை நினைத்து ஓதுவது) செய்யலாம். கையில் இலையும் தூளும் இருக்கலாம்.

ஆறுதல் ஏன் வரவில்லை என்பதுதான் பெரிய கேள்வி. ஹஷ்ர் சூராவின் (அத்தியாயத்தின்) கடைசி மூன்று ஆயத்துகள் (வசனங்கள்) போன்ற சில இடங்களை விட்டால், குர்ஆனில் திருநாமங்கள் வரிசையாக அடுக்கப்படுவது அரிது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு சங்கடத்தில் நிற்பார். அந்த இடத்தில் ஒரு பெயரோ இரண்டு பெயரோ வரும். அந்த ஆளையும் சங்கடத்தையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் நாம் உருட்டுகிறோம். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாளை மடித்து வையுங்கள். ஒரு பெயர், அது வரும் ஆயத்து, அதைச் சொன்ன மனிதர். ஒரு வாரத்துக்கு அவ்வளவு போதும்.

‘லத்தீஃப்’ என்ற பெயரையே பாருங்கள். யூசுஃப் (அலை) நபி அதைச் சொல்லும் இடம், யூசுஃப் சூராவின் நூறாவது ஆயத்து. கிணறு, அடிமை விற்பனை, சிறைவாசம் எல்லாம் கழிந்து, வாப்பாவும் சகோதரர்களும் வந்து சேர்ந்த பிறகு, ‘என் ரப்பு (இறைவன்) தான் நாடியதை நுட்பமாகச் செய்கிறவன்’ என்கிறார். கிணற்றுக்குள் கிடந்தபோது அவர் அப்படிச் சொன்னதாகக் குர்ஆனில் இல்லை. நீங்கள் இன்னும் கிணற்றில் இருக்கிறீர்கள். இப்போது அந்தப் பெயர் ருசிக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

முதலில் ‘ஸமீஃ’ என்ற பெயரை எடுங்கள், எல்லாம் கேட்கிறவன். முஜாதலா சூராவின் தொடக்கத்தைத் தமிழில் வாசியுங்கள். கவ்லா (ரலி) என்ற பெண், தன் கணவர் தன்னைத் தாய்க்குச் சமம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டதை நபியவர்களிடம் வாதாடி முறையிடுகிறார். அதே வீட்டில் இருந்த நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தப் பேச்சில் சிலது கேட்கவில்லை. ‘அவள் சொன்னதை அல்லாஹ் கேட்டுக்கொண்டான்’ என்று ஆயத்து இறங்கியது. அவர் மணி உருட்டவில்லை, தன் வீட்டுக் கதையைச் சொன்னார். நீங்களும் ‘யா ஸமீஃ’ என்று ஒருதரம் அழைத்துவிட்டு, நம்ம தமிழிலேயே சொல்லுங்கள். வாடகை பாக்கி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, மாப்பிள்ளை மேல் உங்களுக்கு இன்னும் இருக்கிற கோபம் உட்பட. கோபத்தை மறைத்து துஆ (பிரார்த்தனை) கேட்பவர்கள் நம்மில் அதிகம்.

அழுகையைப் பற்றிச் சொல்பவர்களுக்கு யூசுஃபின் வாப்பா யஃகூப் (அலை) பதில் சொல்லிவிட்டார்கள். ‘அழகிய பொறுமை’ என்றும், அல்லாஹ் ‘அலீம், ஹகீம்’ (எல்லாம் அறிந்தவன், ஞானமுள்ளவன்) என்றும் சொன்னவர், அடுத்த ஆயத்திலேயே யூசுஃபை நினைத்து ஏங்குகிறார். துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகின்றன. சுற்றியிருந்தவர்கள் ‘இப்படியே நினைத்து அழிந்துபோவீர்’ என்கிறார்கள், உங்கள் தெருவில் சொல்கிற மாதிரியே. அவர் சொன்னது: ‘என் வேதனையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்.’ நபியவர்களும் மகன் இப்ராஹீம் மவுத்தானபோது கண்ணீர் விட்டார்கள். ஒப்பாரி வைத்து மாரில் அடிப்பதுதான் கூடாது. அழுகை சபூருக்கு எதிரி அல்ல.

இனி ‘அல்-முமீத்’. பயப்படாதீர்கள், பாவம் இல்லை. மரணத்தை நாங்கள் எல்லோருமே வெறுக்கிறோமே என்று ஆயிஷா (ரலி) நபியவர்களிடமே கேட்டார்கள்; அதற்காக ஏச்சு வாங்கவில்லை. இந்தப் பெயர் இந்த வடிவத்தில் குர்ஆனில் வரவும் இல்லை. ‘உயிர் கொடுக்கிறான், மரணிக்கச் செய்கிறான்’ என்று சேர்ந்துதான் வரும். இப்படி எதிரெதிரான பெயர்களைப் பிரித்துச் சொல்லக் கூடாது என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே தனியாக ஓத நாக்கு எழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முடிகிற நாளில், உயிர் கொடுப்பவன் என்ற பொருளுள்ள ‘அல்-முஹ்யீ’யோடு சேர்த்துச் சொல்லுங்கள். ரூம் சூராவின் ஐம்பதாவது ஆயத்து, செத்த நிலத்துக்கு உயிர் கொடுப்பவனே இறந்தவர்களுக்கும் உயிர் கொடுப்பவன் என்கிறது. பாளையங்கால்வாயில் தண்ணீர் வருவதற்கு முன்னும் பின்னும் வயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மனப்பாடமாக ஒரு துஆ வேண்டும் என்றால்: ‘யா ஹய்யு யா கய்யூம், பிரஹ்மதிக அஸ்தகீஸ்.’ (என்றும் உயிரோடிருப்பவனே, எல்லாவற்றையும் நிலைநிறுத்துபவனே, உன் கருணையைக் கொண்டு உதவி தேடுகிறேன்.) மனதை நெருக்கும் விஷயம் வந்தால் நபியவர்கள் இதைச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்க, திர்மிதியில் வருகிறது.

தூக்கமின்மைக்கு மட்டும் ஓதலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷம் ஆகப்போகும் நேரத்திலும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு அல்ல, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். ‘மருத்துவம் செய்யுங்கள்’ என்பதும் நபிமொழிதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை. வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பேசலாம்.