தும்மல் துளி எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி: தும்மலில் தெறிக்கும் துளிகள் ஆறடிக்குள் விழுந்துவிடும் என்று கொரோனா காலத்தில் முதலில் சொன்னார்கள், பிறகு அறை முழுவதும் பரவும் என்றார்கள். எது சரி?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் ஒரே அளவுள்ள துளிகளைப் பற்றியவை அல்ல. ஆறடிக் கணக்குக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ் 1934இல் வெளியிட்ட ஆய்வு. ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகள் உலர்வதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடும் என்றும், அதைவிடச் சிறியவை அந்தரத்திலேயே உலர்ந்து நுண்துகள்களாக மிதக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். ஆனால் அவர் ஒவ்வொரு துளியையும் தனித்தனியாகவே பார்த்தார். துளிகளைச் சுமந்துவரும் காற்று அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

விஷயமே அந்தக் காற்றில்தான் இருக்கிறது. 10 மைக்ரான் துளி ஒன்றை, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அசைவற்ற காற்றுக்குள் எறிந்தால், அது சில மில்லிமீட்டருக்குள் வேகமிழந்து நின்றுவிடும். அத்தகைய துளி சில மீட்டர் கடந்து செல்கிறது என்றால், அது தன் விசையால் செல்லவில்லை, தும்மலோடு வெளிப்படும் வெதுவெதுப்பான ஈரக்காற்றின் தாரையில் ஏறிச் செல்கிறது என்றே பொருள். ஊதுபத்திப் புகை சிறிது தூரம் நேராக எழுந்து, பின் சுருள்சுருளாகக் கலைவதைக் கண்டிருப்பீர்கள். தும்மல் தாரையோ வாயை விட்டதுமே சுழல்களாக உடைந்து, சுற்றியுள்ள காற்றை உள்ளிழுத்துக்கொண்டு பருக்கிறது, பருக்கப் பருக்க வேகம் குறைகிறது. பெரிய துளிகள் சுழலின் வளைவுகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் விலகி விழ, சிறியவை சுழலோடு சுழலாகத் திரிகின்றன. உள்ளே ஈரம் மிகுந்திருப்பதால் அவை உலர்வதும் தாமதமாகிறது. ஈரக்காற்றும் துளிகளும் கலந்த இந்த மேகம் 7 முதல் 8 மீட்டர் வரை செல்லக்கூடும் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர் லிடியா பூருயிபா 2020இல் எழுதினார்.

மேகம் ஓய்ந்த பின்பும் மிஞ்சும் 10 மைக்ரான் துளி, அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆளுயரத்திலிருந்து தரை சேர எட்டு நிமிடத்துக்கு மேலாகும். உலர்ந்து சுருங்கினால் இன்னும் மெதுவாக இறங்கும். நம் வீட்டு மின்விசிறி அவற்றை அறைக்குள்ளேயே கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. அவை வெளியேறச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.